கோட் ரிட்ரீட், ஜோடியா கோடிங், டெஸ்ட் முதல்ல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காந்து ஒரே ப்ராப்ளத்தை அஞ்சாறு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற ஒரு ஆளோட சேந்து எழுதி, ஒவ்வொரு தடவையும் அழிச்சுட்டு சாயங்காலம் கையில ஒரு வரி கோட் கூட இல்லாம வீட்டுக்குப் போறோம்னு சொன்னா கேக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியறதில்ல. இதுக்குக் கோட் ரிட்ரீட்னு பேரு. நான் சில வருஷமா இதுக்குப் போயிட்டிருக்கேன், கொஞ்ச நாளா நடத்தவும் செய்யறேன். வர்ற கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

இது ட்ரெய்னிங்கா, ஹேக்கத்தானா?

ரெண்டும் இல்லைங்க. ஹேக்கத்தான்ல எதையாவது முடிச்சுக் காட்டணும், பரிசு இருக்கும், ராத்திரி தூக்கம் போகும். ட்ரெய்னிங்ல ஒருத்தர் ஸ்லைடு போட்டுப் பேசுவார், மத்தவங்க தலையாட்டுவாங்க. கோட் ரிட்ரீட்ல இந்த ரெண்டுமே கிடையாது. 45 நிமிஷம் ஒரு செஷன். ரெண்டு பேர், ஒரு லேப்டாப், டெஸ்ட்டை முதல்ல எழுதணும். டெஸ்ட்னா எழுதப் போற கோட் சரியா வேலை செய்யுதான்னு சோதிக்கிற குட்டி கோட். மணி அடிச்சதும் கோடை அழிக்கணும், எல்லாரும் வட்டமா நின்னு பத்து நிமிஷம் பேசணும், அப்புறம் வேற ஆளைப் புடிச்சு உக்காந்து அதே ப்ராப்ளத்தை முதல்லேருந்து. காலைல மூணு, மத்தியானம் ரெண்டு இல்ல மூணு.

இது 2009 ஜனவரில ஆரம்பிச்சது. அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல கோட்மேஷ்னு ஒரு மாநாடு, அங்க கேரி பெர்ன்ஹார்ட், பேட்ரிக் வெல்ஷ், நயன் ஹஜ்ரத்வாலா, கோரி ஹெய்ன்ஸ்னு நாலு பேர் பேசிக்கிட்டிருந்தப்ப வந்த யோசனை. ஆபீஸ்ல டெட்லைன் நெருக்குறப்ப நாம நல்லா எழுதறதில்ல, சரி, டெட்லைனே இல்லாத ஒரு நாள் இருந்தா எப்படி எழுதுவோம்னு பாத்துடலாமேன்னு அதே மாசம் மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ங்கிற ஊர்ல முதல் தடவையா நடத்திட்டாங்க. அப்புறம் கோரி ஹெய்ன்ஸ் இதை ஊர் ஊரா எடுத்துட்டுப் போனார். 2011 டிசம்பர் 3-ஆம் தேதி உலகம் முழுக்க பல ஊர்கள்ல ஒரே நாள்ல நடந்துச்சு, அதுலேருந்து வருஷா வருஷம் அப்படி ஒரு நாள் வெச்சு நடத்துறாங்க.

எழுதின கோடை ஏன் அழிக்கணும்? வெச்சிருந்தா என்ன குறைஞ்சுடும்?

எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான், எனக்கு ரொம்ப முக்கியமாப் படறதும் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

கோடை வெச்சுக்கலாம்னு ஒரு வாய்ப்பு இருந்தாலே மனசு அதை முடிக்கத்தான் பாக்கும். 40-ஆவது நிமிஷத்துல டெஸ்ட்டாவது ஒண்ணாவதுன்னு நாலு இஃப் போட்டு ஓட வெச்சுடுவோம். பத்து வருஷமா ஆபீஸ்ல பழகினது அதுதானே, கை தானா அங்க போயிடும். அழியப் போகுதுன்னு உறுதியாத் தெரிஞ்சாதான் முடிக்கிற ஆசை விடும். அந்த ஆசை விட்டதும் வேற ஒண்ணு நடக்குது பாருங்க, இந்தப் பேர் சரியா இருக்கா, இந்த டெஸ்ட் எதைச் சொல்லுது, இதை வேற மாதிரி எழுதினா எப்படி இருக்கும்னு பேச ஆரம்பிக்கிறோம். ஆபீஸ்ல இந்தப் பேச்சுக்கு நேரமே கெடையாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. போன செஷன் கோட் திரையில கெடந்தா புது ஜோடி அதைத்தான் தொடரும். முதல் செஷன்ல ஒரு தப்பான முடிவு எடுத்திருந்தா அந்த நாள் முழுக்க அந்த முடிவுக்குள்ளேயே மாட்டிக்குவோம். அழிச்சுட்டா திரை காலி, ஆனா தலையில இருக்குறது அழியாதே. ரெண்டாவது தடவை அதே இடத்துக்கு இருபது நிமிஷத்துல வந்து சேந்துடுவீங்க, மூணாவது தடவை அந்த வழியே வேணாம்னு தோணும். அந்த மூணாவது தடவைக்குத்தான் இவ்வளவு பாடும்.

வாசல்ல போடற கோலம் மத்தியானத்துக்குள்ள மிதிபட்டு அழிஞ்சுடும், மறுநாள் காலைல திரும்பப் போடறாங்க. கை பழகினது அப்படித்தான், கோலத்தை ஃப்ரேம் போட்டு வெச்சதால இல்ல. எங்கம்மா புள்ளி வெக்கிற வேகத்தைப் பாக்குறப்பல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

முதல் தடவை அழிக்கிறப்ப வலிக்கும், அது நிஜம். ஒரு தம்பி, அழிக்கிறேன்னு சொல்லிட்டு ரகசியமா பென்டிரைவ்ல போட்டுக்கிட்டார். மத்தியானம் அவரே வந்து சொன்னார், திறந்து பாத்தேங்க, இதை ஏன் வெச்சுக்கிட்டேன்னே தெரியலன்னு.

ஒரே ப்ராப்ளம்தானா? அது என்ன ப்ராப்ளம்?

பெரும்பாலும் ஜான் கான்வேயோட கேம் ஆஃப் லைஃப். கேம்னு பேரு, ஆனா யாரும் ஆட வேண்டியதில்ல. கான்வே ஒரு கணித மேதை, 1970-ல மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில இதைப் பத்தி எழுதினப்புறம் உலகம் முழுக்கப் பரவுச்சு.

பள்ளிக்கூடத்து கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கட்டமும் ஒண்ணு உயிரோட இருக்கும் இல்ல செத்திருக்கும். ஒவ்வொண்ணுக்கும் சுத்தி எட்டு பக்கத்து வீடு. உயிரோட இருக்குற கட்டத்துக்குப் பக்கத்துல ரெண்டு இல்ல மூணு உயிர் இருந்தா அது அடுத்த தலைமுறைக்குப் போகும், அதுக்குக் கம்மின்னா தனிமையில சாகும், ஜாஸ்தின்னா நெருக்கடியில சாகும். செத்த கட்டத்துக்குப் பக்கத்துல சரியா மூணு உயிர் இருந்தா அது பிறக்கும். மொத்த விதியும் இவ்வளவுதான். பென்சிலால மூணு கட்டத்தை வரிசையாப் படுக்க வெச்சு நிரப்பி அடுத்த தலைமுறை போட்டுப் பாருங்க, நிமிர்ந்து நிக்கும், அதுக்கடுத்து திரும்பப் படுக்கும். அதுக்கு பிளிங்கர்னு பேரு.

விதியை ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம், ஆனா பழக்கமில்லாதவங்க 45 நிமிஷத்துல டெஸ்ட்டோட முடிக்கிறது கஷ்டம், அதுக்காகத்தான் இதை எடுக்குறது. இதுல ஒளிஞ்சிருக்குற கண்ணி என்னன்னா, கட்டத்துக்கு எல்லையே கிடையாது. எல்லாரும் முதல் செஷன்ல ரெண்டு பரிமாண அர்ரேல, அதாவது வரிசை வரிசையா கட்டம் அடுக்கின ஒரு அட்டவணையில ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அர்ரேன்னு வந்ததும் ஓரம்னு ஒண்ணு வந்துடுது, மூலையில இருக்குற கட்டத்துக்கு எட்டு பக்கத்து வீடு எங்க இருக்கு, மைனஸ் ஒண்ணாவது இடத்தைத் தொட்டா வெடிக்குது, அந்த ஓரத்தைச் சமாளிக்கவே அரை மணி நேரம் போயிடும். மூணாவது செஷன் வாக்குல யாராவது ஒருத்தர் கேப்பாங்க, செத்ததை எதுக்குங்க ஞாபகம் வெச்சுக்கணும், உயிரோட இருக்குற கட்டங்களோட இடத்தை மட்டும் ஒரு செட்ல வெச்சுக்கிட்டா என்னன்னு. அப்ப ஓரம்ங்கிற பிரச்சினையே காணாமப் போயிடும். இதை நான் காலையிலேயே போர்டுல எழுதிப் போட்டுடலாம், போட மாட்டேன். அவங்களாக் கண்டுபிடிச்சா திங்கக்கிழமை ஆபீஸ்ல வேற ஒரு கோடைப் பாக்குறப்பவும் அது ஞாபகம் வரும், நான் சொல்லிக் கொடுத்தது வராது.

டெஸ்ட்டை முதல்ல எழுதுறதுன்னா எப்படிங்க, கோடே இல்லாம எதை டெஸ்ட் பண்றது?

லீப் வருஷம் எடுத்துக்கலாம், எல்லாருக்கும் தெரிஞ்சது. முதல் டெஸ்ட்: 2023 லீப் வருஷமான்னு கேட்டா இல்லைன்னு வரணும். ஓட்டுங்க. அப்படி ஒரு ஃபங்க்ஷனே கிடையாது, கம்பைலே ஆகாது, அதுவும் சிவப்புதான். சிவப்புன்னா டெஸ்ட் ஃபெயில், பச்சைன்னா பாஸ். ஃபங்க்ஷனை எழுதி உள்ள ஒரே ஒரு வரி, எப்பவும் ஃபால்ஸ். ஓட்டுங்க, பச்சை. இது ஏமாத்து வேலை மாதிரி இருக்கும், பரவால்ல. அடுத்த டெஸ்ட்: 2024 கேட்டா ஆமான்னு வரணும். சிவப்பு. இப்ப நாலால வகுபடுதான்னு பாக்குற வரி வரும். பச்சை. மூணாவது: 1900 இல்லைன்னு வரணும். சிவப்பு. ஏன்னா நூறால வகுபடற வருஷம் லீப் இல்ல. நாலாவது: 2000 ஆமான்னு வரணும், நானூறால வகுபட்டா மறுபடி லீப். ஒவ்வொரு பச்சைக்கும் அப்புறம் ஒரு நிமிஷம் நின்னு கோடைக் கழுவி வைக்கணும், பேரை மாத்தறது, ரெண்டு தடவை எழுதினதை ஒண்ணாக்குறது. அதைத்தான் ரீஃபாக்டர்னு சொல்றாங்க. சிவப்பு, பச்சை, கழுவறது, இதுதான் சுத்து.

இங்க முக்கியமான விஷயம், நீங்க நாலு டெஸ்ட் எழுதினப்ப லீப் வருஷத்தோட விதியையே நாலு உதாரணத்துல எழுதி வெச்சுட்டீங்க. அந்த 1900 டெஸ்ட்டை யாரும் கேக்கலேன்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா எக்ஸெல்ல பாருங்க, இன்னைக்கும் அதுல 1900 பிப்ரவரி 29 உண்டு. பழைய லோட்டஸ் 1-2-3-ல இருந்த தப்பு, அதோட ஃபைலெல்லாம் ஒத்துப் போகணும்னு அப்படியே வெச்சாங்க, அப்புறம் எடுக்கவே முடியல.

இந்த முறையை ஊரறியச் செஞ்சவர் கென்ட் பெக். அவரும் எரிக் காமாவும் 1997-ல ஜூரிக்லேருந்து அட்லான்டாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போற ஃபிளைட்ல பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்து, ஜோடியா, டெஸ்ட்டை முதல்ல எழுதி எழுதி உருவாக்குனதுதான் ஜாவா மொழிக்கான டெஸ்ட் டூல் ஜேயூனிட். நாம இன்னைக்கு எந்த மொழில டெஸ்ட் எழுதினாலும் அதோட சாயல் இருக்கும். டெஸ்ட் டூலே ஜோடி கோடிங்ல பிறந்ததுங்கிறது எனக்கு இன்னும் சந்தோஷமான செய்தி.

டெஸ்ட் சிவப்பாகுறதைக் கட்டாயம் பாக்கணுமா? நேரா பச்சைக்குப் போகக் கூடாதா?

கட்டாயம் பாக்கணும். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு டெஸ்ட் மாசக்கணக்கா பச்சையா இருந்துச்சு, எல்லாருக்கும் அதுமேல நம்பிக்கை. ஒருநாள் அந்தக் கணக்கே தப்பா போயி கஸ்டமர் கூப்பிட்டுட்டாங்க. தேடிப் பாத்தா டெஸ்ட்டுக்குள்ள ஒரு ட்ரை கேட்ச், எந்தத் தப்பு வந்தாலும் அது முழுங்கிடுது, அந்த டெஸ்ட் ஃபெயிலே ஆக முடியாது. எழுதினவர் ஒரே ஒரு தடவை அதைச் சிவப்பாப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. நாமெல்லாம் லேப் எக்ஸாம்ல அவுட்புட் வரலேன்னா திரையை மறைச்சுக்கிட்டு உக்காந்து வளந்தவங்க. எரர் வந்தா அவமானம், எக்ஸ்டர்னல் பக்கத்துல வர்றதுக்குள்ள சரி பண்ணிடணும். பத்து வருஷ அனுபவம் இருக்குறவங்க கூட பக்கத்துல ஒருத்தர் பாக்குறப்ப எரர் வந்தா கை நடுங்கறதைப் பாத்திருக்கேன். ஒரு நாள் முழுக்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேணும்னே சிவப்பு வர வெச்சு, வந்ததும் ரெண்டு பேரும் சரி வந்துடுச்சு அடுத்து போலாம்னு சொல்லிச் சொல்லி, சாயங்காலத்துக்குள்ள அந்த பயம் நெறைய குறையுது. அது கண்ணுக்குத் தெரியும், குரலே மாறிடும்.

ஜோடில யார் என்ன பண்ணணும்?

வழக்கமாச் சொல்றது, கீபோர்டு புடிக்கிறவர் டிரைவர், பக்கத்துல இருக்குறவர் நேவிகேட்டர். நம்ம ஊர் லாரில டிரைவர் கிளீனர் மாதிரின்னு நினைச்சுடாதீங்க, ரெண்டு பேரும் சமம், ரெண்டு வேலையும் மாறி மாறி வரும்.

மாத்திக்க சுலபமான வழி பிங் பாங். நான் ஒரு டெஸ்ட் எழுதி சிவப்பாக்கி கீபோர்டை உங்ககிட்ட தள்ளுவேன், நீங்க பச்சையாக்கி, கழுவி, அடுத்த டெஸ்ட்டை எழுதி சிவப்பாக்கி என்கிட்ட தள்ளுவீங்க. புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்வேன், ஏன்னா யாரு எப்ப மாத்தணும்ங்கிற சங்கடமே இல்ல, டெஸ்ட்டே மாத்தி விட்டுடும்.

இன்னொரு முறை லூவெலின் ஃபால்கோ சொன்னது, ஸ்ட்ராங் ஸ்டைல்னு பேரு. உங்க தலையில இருக்குற யோசனை கம்ப்யூட்டருக்குள்ள போகணும்னா அது அடுத்தவர் கை வழியாத்தான் போகணும். அதாவது ஐடியா உங்களுதுன்னா கீபோர்டை அவர்கிட்ட கொடுத்துடணும். அனுபவத்துல ரொம்ப வித்தியாசம் இருக்குற ஜோடிக்கு இதை விட நல்ல முறை நான் பாக்கல. தெரிஞ்சவர் வாயால விளக்கியே ஆகணும், தெரியாதவர் கை ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டு பேருமே தூங்க முடியாது.

எனக்கு அனுபவம் கம்மி, பக்கத்துல சீனியர் உக்காந்தா அவருக்குத் தொந்தரவா இருக்காதா?

இருக்காதுங்க. எத்தனை பேர் இதனாலயே வராம நின்னுடறாங்க தெரியுமா. ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு வந்திருந்தாங்க, ஜோடியா அமைஞ்சவர் பதினஞ்சு வருஷம் ஜாவா எழுதினவர். முதல் பத்து நிமிஷம் அவங்க, சரிங்க சார், சரிங்க சார், அவ்வளவுதான். நான் போயி ஸ்ட்ராங் ஸ்டைல்ல பண்ணுங்கன்னு கீபோர்டை அவங்ககிட்ட கொடுத்தேன். கொஞ்ச நேரத்துல அவங்க கேட்டாங்க, சார், இந்த ஃபங்க்ஷன் எதுக்கு சார் ட்ரூ, ஃபால்ஸ்னு ரெண்டு வாங்குது, படிக்கிறப்ப எது எதுன்னே புரியல சார்னு. அவர் விளக்க ஆரம்பிச்சு பாதில நிறுத்திட்டார். பதினஞ்சு வருஷமா அப்படித்தான் எழுதறேம்மா, யாரும் கேக்கலன்னார். அன்னைக்கு வட்டத்துல அவர் சொன்ன கத்துக்கிட்ட விஷயம் அதுதான்.

பேர் சொல்லிக் கூப்பிட வராதவங்க அண்ணா, அக்கா, சார், எதுன்னாலும் கூப்பிடட்டும், நான் மாத்தச் சொல்றதில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்குவேன், புரியலன்னா புரியலன்னு சத்தமாச் சொல்லணும். சீனியரா வர்றவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், நகருங்க நான் அடிச்சுக் காட்டறேன்னு மட்டும் சொல்லாதீங்க.

பக்கத்துல இருக்குறவர் கீபோர்டை விடவே மாட்டேங்கிறார்?

பிங் பாங் பண்ணலாமான்னு கேளுங்க. அப்பவும் விடலன்னா நடத்துறவரைக் கூப்பிடுங்க, அவர் வேலையே அதுதான். எப்படியும் 45 நிமிஷத்துல மணி அடிச்சுடும், வேற ஜோடி.

ஒரே ப்ராப்ளத்தை திரும்பத் திரும்ப எழுதினா போரடிக்காதா?

மத்தியானத்துக்கு மேல கட்டுப்பாடு வரும், அப்ப போர்ங்கிற பேச்சே இருக்காது. இஃப் போடக் கூடாது. எந்த மெத்தடும் நாலு வரியைத் தாண்டக் கூடாது. வெறும் நம்பரையோ ஸ்ட்ரிங்கையோ மெத்தடுக்குள்ள அனுப்பக் கூடாது, எல்லாத்துக்கும் ஒரு பேர் வெச்ச டைப் வேணும். மௌஸைத் தொடக் கூடாது. ரெண்டு நிமிஷத்துக்குள்ள பச்சை வந்து கமிட் பண்ணலேன்னா, அதாவது அதுவரை எழுதினதைப் பதிஞ்சு வைக்கலேன்னா, கோடோட பழைய நிலைகளைச் சேமிச்சு வைக்கிற கிட்ங்கிற டூல்ல ரீசெட் அடிச்சு பழைய பச்சைக்குத் திரும்பணும்.

அந்த ரெண்டு நிமிஷக் கட்டுப்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல்ல நாலஞ்சு தடவை எழுதினது போயிக்கிட்டே இருக்கும், எரிச்சலா வரும், அப்புறம்தான் புரியும் நாம எடுக்குற அடி எவ்வளவு பெருசுன்னு. ஒரு டெஸ்ட்டுக்குள்ள மூணு விஷயத்தைத் திணிச்சுட்டு இருந்திருக்கோம். அடியைச் சின்னதாக்கி சின்னதாக்கி கடைசில ஒரு நிமிஷத்துக்கு ஒரு பச்சை வர்ற அளவுக்கு வந்துடுவாங்க, அதோட ருசி தெரிஞ்சவங்க ஆபீஸ்லயும் பெரிய கமிட் போட மாட்டாங்க.

பேசாம எழுதற செஷன் ஒண்ணும் உண்டு. ஒருத்தர் டெஸ்ட் மட்டும் எழுதுவார், இன்னொருத்தர் கோட் மட்டும், வாயைத் திறக்கக் கூடாது, எழுதற டெஸ்ட்டையும் பேரையும் வெச்சே அடுத்தவருக்குப் புரிய வைக்கணும். ரூமே அமைதியா இருக்கும், கீபோர்டு சத்தம் மட்டும்.

டோஜோ, கட்டா, ரண்டோரி, மாப், இதெல்லாம் என்ன?

கோடிங் டோஜோ 2000-களோட நடுவுல பாரிஸ்ல லோரான் போசாவி, எமானுவேல் கயோ ரெண்டு பேரும் ஆரம்பிச்சது, வாரத்துல ஒரு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கூடிப் பழகுறது. கராத்தே, ஜூடோ பக்கத்துலேருந்து எடுத்த சொல்லுங்க. ரண்டோரின்னா ஒரே லேப்டாப்பை ப்ரொஜெக்டர்ல மாட்டி ரெண்டு பேர் எழுத, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் மாற, மத்தவங்க பாக்குறது.

கட்டாங்கிறது தனியாளாத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுற சின்ன ப்ராப்ளம், டேவ் தாமஸ் கோடிங்குக்குக் கொண்டு வந்த பேரு. இதுக்கு நம்மகிட்ட சரளி வரிசைன்னு இருக்கு. பாட்டு கத்துக்கற குழந்தை மாயாமாளவகௌளைல அதையே மூணு காலத்துல பாடிக்கிட்டே இருக்கும், எந்தக் கச்சேரிலயும் யாரும் அதைப் பாடறதில்ல, ஆனா அது இல்லாம கச்சேரி இல்ல.

மாப் ப்ரோகிராமிங்ல முழு டீமும் ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நிஜ வேலையையே பண்றாங்க. 2011 வாக்குல கலிஃபோர்னியாவுல ஹன்டர் இண்டஸ்ட்ரீஸ்னு நீர்ப்பாசன சாமான் செய்யற கம்பெனில வூடி ஸுயில் இருந்த டீம் அப்படி வேலை செய்ய ஆரம்பிச்சு, அதுலேருந்து பரவுச்சு. அவங்களும் முதல்ல டோஜோ மாதிரி பழகிக்கிட்டிருந்து, பிடிச்சுப்போய்தான் நிஜ வேலைக்கே அதைக் கொண்டு போனாங்க.

எந்த லாங்குவேஜ் தெரிஞ்சிருக்கணும்?

எதுன்னாலும் சரி. ஜோடில ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்.

ரெண்டு பேர் ஒரு வேலை பாத்தா கம்பெனிக்கு நஷ்டம்தானேன்னு மேனேஜர் கேக்குறாரே?

நியாயமான கேள்விதான். யூட்டா பல்கலைக்கழகத்துல லாரி வில்லியம்ஸ் மாணவர்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணி, அலிஸ்டர் காக்பர்னோட சேந்து 2000-ல எழுதினாங்க. ஜோடியா எழுதினவங்க ரெண்டு பேர் நேரத்தையும் கூட்டினா தனியா எழுதினவங்களை விட சுமார் 15 சதவீதம்தான் அதிகம், ரெண்டு மடங்கு இல்ல, தப்பும் கம்மி. டெஸ்ட் முதல்ல எழுதறதைப் பத்தி 2008-ல நாச்சியப்பன் நாகப்பனும் கூட இருந்தவங்களும் ஐபிஎம்ல ஒரு டீம், மைக்ரோசாஃப்ட்ல மூணு டீம் எடுத்துப் பாத்தாங்க, பக் அடர்த்தி 40-லேருந்து 90 சதவீதம் வரை குறைஞ்சிருந்தது, ஆரம்ப டெவலப்மென்ட் நேரம் 15-லேருந்து 35 சதவீதம் கூடியிருந்தது. முதல் ஆராய்ச்சில இருந்தது மாணவர்கள், ரெண்டாவதுல நாலே டீம், அதனால எல்லா இடத்துக்கும் இதே நம்பர் வரும்னு மேனேஜர்கிட்ட சத்தியம் பண்ணாதீங்க. நான் சொல்ற வழி, நாள் முழுக்க ஜோடி வேணாம், புரியாத மாட்யூல், புதுசா சேந்த ஆள், பேமென்ட் மாதிரி தப்பு பண்ணக் கூடாத இடம், இங்க மட்டும் ஒரு மாசம் பண்ணிட்டு உங்க நம்பரையே காட்டுங்க.

இப்பதான் ஏஐயே கோட் எழுதுதே, இதெல்லாம் இன்னும் வேணுமா?

முன்ன விட இப்பதான் ஜாஸ்தி வேணும்னு நினைக்கிறேன். ஏஐ எழுதித் தர்ற நூறு வரி சரியா தப்பான்னு சொல்ல யாரோ ஒருத்தர் வேணும். என்ன வேணும்ங்கிறதை டெஸ்ட்டா எழுதத் தெரிஞ்சவங்க அந்த நூறு வரியை அஞ்சு நிமிஷத்துல சோதிச்சுடறாங்க, தெரியாதவங்க பாத்தா சரியாத்தான் இருக்குன்னு டீமோட கோடுல சேத்துடறாங்க. பழகுற நாள்ல மட்டும் ஏஐ ஆட்டோகம்ப்ளீட்டை அணைச்சு வைக்கச் சொல்வோம், ஏன்னா கேம் ஆஃப் லைஃப் இன்டர்நெட் முழுக்கக் கெடக்கு, ரெண்டு எழுத்து அடிச்சதும் மொத்த விடையும் வந்து விழும், ஜோடி பேசறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.

நாங்களே நடத்தணும்னா என்னென்ன வேணும்?

ஒரு ரூம், பிளக் பாயின்ட் போதுமான அளவு, ஒரு வெள்ளை போர்டு, மணி. பதினாறு இருபது பேர் நல்ல அளவு. ஒத்தைப்படையா வந்துட்டா நடத்துறவர் ஜோடி சேரக் கூடாது, மூணு பேரா ஒரு குழு போட்டுடுங்க, நடத்துறவர் சுத்தி வந்து பாத்துக்கிட்டே இருக்கணும்.

நாங்க முதல் தடவை நடத்தினப்ப பண்ணின தப்பைச் சொல்றேன். எல்லாருக்கும் டெஸ்ட் ஓடற மாதிரி செட்டப் இருக்கும்னு நம்பிட்டோம். முதல் செஷன் முழுக்க லைப்ரரி டவுன்லோடு, வைஃபை திணறல், பாதிப் பேர் ஒரு டெஸ்ட் கூட ஓட்டல. இப்பெல்லாம் நாலஞ்சு லாங்குவேஜ்ல ஃபெயில் ஆகுற ஒரே ஒரு டெஸ்ட்டோட காலி ப்ராஜெக்ட் ரெடி பண்ணி மூணு நாள் முன்னாடியே அனுப்பி, ஓட்டி சிவப்பு வந்துச்சான்னு பதில் வாங்கிடறோம்.

சாப்பாட்டை அலட்சியமா விட்டுடாதீங்க. இலை போட்டு எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடற மாதிரி வைங்க, பார்சல் வாங்கி லேப்டாப் முன்னாடியே சாப்பிட விடாதீங்க. ஜோடி சேராத ரெண்டு பேர் அங்கதான் பேசிக்குவாங்க. ஆனா சாப்பாடு கொஞ்சம் லைட்டா, பிரியாணி வெச்சா நாலாவது செஷன் போச்சு.

சாயங்காலம் கடைசி வட்டத்துல ஒவ்வொருத்தரையும் மூணு கேள்வி கேப்போம்: என்ன கத்துக்கிட்டீங்க, எது ஆச்சரியமா இருந்துச்சு, திங்கக்கிழமைலேருந்து எதை வேற மாதிரி பண்ணப் போறீங்க. அவசரப்படுத்தாதீங்க, சில பேர் அந்த நாள்ல அப்பதான் முதல் தடவையா எல்லார் முன்னாடியும் பேசுவாங்க.

எங்க ஊர்ல யாரும் இல்ல, தனியா எப்படிப் பழகறது?

ரோமன் எண், பௌலிங் ஸ்கோர், ஃபிஸ்பஸ், இதெல்லாம் எல்லாரும் போடற கட்டா. பழைய குழப்பமான கோடை டெஸ்ட் போட்டுச் சரி பண்ணிப் பழகணும்னா கில்டட் ரோஸ். பிரௌசர்லயே பழக ஜான் ஜாகர் செஞ்ச சைபர் டோஜோ இருக்கு, ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம், டெஸ்ட் ஓட்ட ஓட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு வரிசையாச் சேந்துக்கிட்டே வரும், தூரத்துல இருக்குற நண்பரோட சேந்தும் பண்ணலாம்.

ஆனா நான் சொல்லணும்னா தமிழ்லயே ரெண்டு அருமையான கட்டா இருக்கு. ஒண்ணு, எண்ணை எழுத்தாக்குறது. 10 பத்து, 20 இருபது, 80 எண்பதுன்னு போயிட்டு 90-ல தொண்ணூறு வரும். சரி விதிவிலக்குன்னு ஒரு இஃப் போடுவீங்க. 800 எண்ணூறு, 900 தொள்ளாயிரம். அதுக்கும் ஒண்ணு. அப்ப 9000-மும் இப்படித்தான்னு நினைச்சா அது ஒழுங்கா ஒன்பதாயிரம்னு வந்து நிக்கும். பத்தொன்பதும் அப்படியே. ஒவ்வொரு டெஸ்ட்டும் முன்னாடி எழுதின கோடை உலுக்கிப் பாக்கும், கழுவாம விட்டா இருபதாவது டெஸ்ட்டுல மூச்சு முட்டும்.

இன்னொண்ணு, ஒரு சொல்லுல எத்தனை எழுத்துன்னு எண்றது. அ கொடுத்தா 1, பச்சை. தமிழ் கொடுத்தா 3 வரணும், ஆனா நேரா நீளம் கேட்டீங்கன்னா பல லாங்குவேஜ்ல 5 வரும், ஏன்னா கம்ப்யூட்டர்ல எழுத்துகளைச் சேமிக்கிற முறையான யூனிகோடுல மி-யோட கொக்கியும் ழ்-ஓட புள்ளியும் தனித்தனி. அதைச் சரி பண்ணினப்புறம் கோ கொடுங்க, அதை ரெண்டு குறியாவும் சேமிக்கலாம், ரெட்டைக் கொம்பும் காலும் பிரிச்சு மூணு குறியாவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கடைசியா க்ஷ, அதை ஒரு எழுத்துன்னு வெக்கறதா ரெண்டுன்னு வெக்கறதான்னு எங்க ஜோடிகளுக்குள்ள அரை செஷன் வாக்குவாதம் நடந்துச்சு. கடைசில அதுக்கு ஒரு டெஸ்ட் எழுதி, ஏன் இந்த முடிவுன்னு அந்த டெஸ்ட்டோட பேர்லயே தமிழ்ல எழுதி வெச்சாங்க.

இன்டர்வியூக்கு உதவுமா?

நேரடியா இல்ல. அல்காரிதம் கேள்விகளுக்கு வேற படிப்பு வேணும். ஆனா ஒருத்தர் பக்கத்துல இருக்குறப்ப பேசிக்கிட்டே கோட் எழுத வரும், அது போதுமான உதவின்னுதான் நினைக்கிறேன்.

முதல் தடவை வர்றேன், என்ன கொண்டு வரணும்?

லேப்டாப், சார்ஜர், முடிஞ்சா ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். லேப்டாப் இல்லைன்னாலும் வாங்க, ஜோடிக்கு ஒண்ணு இருந்தா போதும். அனுப்பின காலி ப்ராஜெக்டை முந்தின நாளே ஓட்டிப் பாத்துடுங்க, சிவப்பு வரணும். எடிட்டர்ல எழுத்தைப் பெருசாக்கி வெச்சுக்கோங்க, பக்கத்துல இருக்குறவருக்குக் கழுத்து வலிக்கக் கூடாது. காலைல ஒன்பதுக்கு ஆரம்பிச்சுடுவோம், லேட்டாயிடுச்சுன்னா திரும்பிப் போயிடாதீங்க, அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் ஏதாவது ஒரு ஜோடி பின்னாடி சேர் போட்டு உக்காந்துக்கலாம்.